ஆரஞ்சுக் கண்ணாடி அத்தான்

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும், சில மாத்திரைகளை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சீட்டை நான்காக மடித்து நீட்டுவார்கள். பின்னால் ஆள் வந்தால், "முதல்ல அவுங்களுக்குக் குடுங்க" என்று ஒதுங்கி நிற்பார்கள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாலும் போதாது, அதற்கு மேல் ஒரு கறுப்புப் பை வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு காரைக்காலில் நான் வேலை பார்த்த கடையில் மனசுக்கான மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் வருவார்கள். ஒருவர் மட்டும் வாசல்படியிலிருந்தே கூப்பிடுவார்.

"மச்சினிச்சி! என் பைபோலார் மாத்திர வந்துருச்சா?"

இருமல் மருந்துக்கு நிற்பவர், குழந்தைக்குப் பவுடர் வாங்குகிறவர், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கடை முதலாளி எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வார். "அத்தான், கொஞ்சம் மெதுவாக் கேட்டாத்தான் என்ன?" என்று நான் பல்லைக் கடிப்பேன்.

"ஏன், திருட்டு மாத்திரயா? சுகர் மாத்திரய எல்லாரும் சத்தமாத்தான் கேக்குறாங்க. சுகர் மட்டும் என்ன அவ்வளவு பெரிய மனுசனா?"

அவர் என் அக்கா வீட்டுக்காரர். அத்தானும் மச்சினிச்சியும் வாய்க்கு வாய் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம் என்பதால் நானும் விடமாட்டேன், அவரும் விடமாட்டார். ஆனால் அந்த விஷயத்தில் ஒருநாளும் அவரை நான் ஜெயித்ததில்லை.

அத்தான் இப்போது இல்லை. நெஞ்சுவலி வந்தது, ஒரே நாளில் போய்விட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையில என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார்கள். நெஞ்சுவலிதான், வேண்டுமானால் டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். அவரை நினைத்தால் எனக்கு அழுகையைவிடப் பெருமைதான் முன்னால் வருகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

திருமலைராயன்பட்டினத்தில் லைட் செட் போடுகிறவர் அவர். அம்மன் கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, மாதா கோயில் கொடியேற்றம், காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே மூங்கில் நட்டாலும் அதில் சீரியல் பல்பு கட்டுவது அவராகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட மனிதருக்குப் பொழுது சாய்ந்தபின் வெளிச்சம் ஆகாது என்று வந்தது. "ஸ்வீட்டுக் கடக்காரனுக்கு சுகர் வந்த மாதிரி ஆயிப்போச்சு என் கத" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடி இருக்கும். ஆரஞ்சு மிட்டாய் நிறம், பக்கவாட்டிலும் மூடியிருக்கும். மேற்கே வயல்பக்கம் வானம் சிவந்ததும் அதை எடுத்து மாட்டிக்கொள்வார். ஏணிமேல் நின்றாலும் சரி, இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, அந்த நேரம் தவறாது. ஒருமுறை ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவரோடு நடுத்தெருவில் பெரிய சண்டை. கைகலப்பாகிவிடும் என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே அத்தான் மேற்கே பார்த்தார். "ஒரு நிமிசம் இருங்க" என்றார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ம், இப்ப சொல்லுங்க, யாரு ஏமாத்துனது?" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். எதிராளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை டீக்கடையில் முடிந்தது.

அந்தக் கண்ணாடி வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய கோடையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. திருவிழாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அத்தானுக்குத் தூக்கம் குறைந்தது. தொழில் மும்முரம் என்று நினைத்தோம். பிறகு தூக்கமே நின்றுபோனது. ஆனால் ஆள் சோரவில்லை, பேச்சு வேகமாகிக்கொண்டே போனது. யாரும் கேட்காமலே தெரு வேப்பமரத்துக்கு சீரியல் கட்டினார். அடுத்து அடிபம்புக்குக் கட்டினார். அடுத்து கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகளுக்குக் கட்டினார். மண்டபத்தூரிலிருந்து பட்டினம் வரைக்கும் கடலோரம் பூரா விளக்குக் கட்டப்போவதாகவும், கப்பலில் போகிறவன் காரைக்காலைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்றும் சொன்னார். ஊர் அதை ரசித்தது. பிள்ளைகள் கைதட்டின. பெரியவர்கள், "இன்னிக்கு எதுக்கு லைட்டு கட்டப்போறீங்க?" என்று தூண்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு மழை நாளில் கரண்டுக் கம்பத்தில் ஏறிவிட்டார். என் அப்பா பட்டினம் கடற்கரையில் படகு என்ஜின் பழுது பார்ப்பவர். அவர் பட்டறையில் நின்றிருந்த மீனவர்கள்தான் ஓடிப்போய், கெஞ்சியும் அதட்டியும் இறக்கினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவ்வளவு பேசிய மனிதர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா சோற்றைப் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய் இறங்கும்.

அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு வரப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"வந்துடு பாப்பா. யாரும் ஒன்னையத் தப்பாப் பேச மாட்டாங்க" என்றார் அப்பா.

"அவருக்குக் கால் ஒடிஞ்சிருந்தா இப்புடி வந்து கூப்புடுவீங்களாப்பா?" என்று கேட்டாள் அக்கா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கிளம்பும்போது, "இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா நான் ஒன்னையக் கேக்க மாட்டேன். கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன்" என்றார். அது மிரட்டல் இல்லை, பயம். அத்தான் படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் அக்கா அவரைக் கூட்டிப்போனாள். நோயின் பெயரை முதலில் சொன்னது அவர்தான். மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுவது மாத்திரைக்குச் சமமான மருந்து என்றார். பிறகுதான் கண்ணாடியைப் பற்றிச் சொன்னார். பொழுது போன பிறகு கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில், முக்கியமாக அதில் இருக்கும் நீலத்தில், மூளை ஏமாந்துபோய் இன்னும் பகல்தான் என்று எண்ணிக்கொள்ளுமாம். அந்த நீலத்தை வடிகட்டிவிட்டால் மூளைக்கு இருட்டியது தெரியும், தூக்கத்துக்குத் தயாராகும் என்றாராம். எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி இல்லை, மாத்திரைக்குத் துணையாகப் போட்டுப் பாருங்கள் என்றாராம். அவர் சொன்னதில் அத்தான் ஒரு வார்த்தையையும் விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை, கண்ணாடியையும் விடவில்லை. "நான் சூரியனோட யூனியன்ல சேந்துட்டேன். அது ட்யூட்டி முடிச்சா நானும் முடிச்சுருவேன்" என்பார்.

தொழிலை விட்டுவிடச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர் விடவில்லை. வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார். வெயிலில் மூங்கில் நட்டு, வயர் இழுத்து, பல்பு கட்டிவிடுவார். சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார். சரியாக எரிந்தால் ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவர் கட்டிய விளக்குகளை ஊரெல்லாம் பார்க்கும், அவர் மட்டும் பார்க்கமாட்டார். "வருத்தமா இல்லையா அத்தான்?" என்று கேட்டிருக்கிறேன். "சமையக்காரன் பந்தியிலயா உக்காருறான்?" என்றார்.

ஆரம்பத்தில் இதில் ஒரு பெரிய கூத்து நடந்தது. நெரவியில் ஒரு கல்யாணம். தெரு முனையில் மயில் தோகை விரித்தமாதிரி ஒரு வளைவு கட்டியிருந்தார், முக்கால்வாசி நீல பல்பு. சாயங்காலம் சுவிட்சைத் தட்டினால் தோகையில் முக்கால்வாசியைக் காணோம். எல்லாம் ஃபியூஸ் என்று நினைத்து, ஒரு பெட்டி புதுப் பல்பைப் பிரித்து மாட்டினார். அதுவும் எரியவில்லை. பல்பு கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். கல்யாண வீட்டுக்காரர்களோ, "சூப்பரா இருக்குங்க" என்று பாராட்டிக்கொண்டே போனார்கள். அதைக் கிண்டல் என்று நினைத்து அவர்களையும் முறைத்தார். அவர் மறந்துவைத்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொடுக்க வந்த அக்காதான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, எல்லாந்தான் எரியிது."

"எங்க எரியிது? தோக பூரா இருட்டா இருக்கு."

அக்கா அவர் மூக்கின்மேல் இருந்ததைச் சுட்டிக் காட்டினாள். நீலத்தை வடிகட்டுகிற கண்ணாடி நீல பல்பை எப்படிக் காட்டும்? அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சரிபார்க்கவில்லை. "நீ பாத்துச் சொல்லு. எங்கயாச்சும் விட்டிருக்கா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா வளைவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து எந்த வேலைக்குப் போனாலும் சாயங்காலம் அக்கா கூட இருப்பாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவாயிற்று. எங்கள் வீட்டில் வாயே திறக்காமல் வளர்ந்தவள் ஏணிக்குக் கீழே நின்று ஆட்களை அதட்டுவதை அப்பா ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு வந்து, நம்பமுடியாமல் எங்களிடம் இரண்டு தடவை சொன்னார்.

கண்ணாடியைப் பார்த்து ஊர் போட்ட கணக்கு வேறு. சாயங்காலத்தில் நிறக் கண்ணாடி போட்ட ஆள் என்றால் எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் வாஞ்சூர். தமிழ்நாட்டு எல்லையில் வரிசையாக ஒயின் ஷாப் இருக்கிற இடம் அது. கண் சிவந்திருப்பதை மறைக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். வாயருகில் வந்து மோந்து பார்த்தவரும் உண்டு. இரண்டாவது சந்தேகம் கண்புரை ஆபரேஷன். இதிலெல்லாம் பெரிய தொல்லை மூன்றாவது சந்தேகம்தான், மெட்ராஸ் ஐ. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுவார். மீன் விற்கிற அம்மா காசை நேராக வாங்காமல் தட்டில் போடச் சொல்லுவார். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்திக்கொள்ளச் சொல்லி ஒருவர், தாய்ப்பால் விடச் சொல்லி ஒரு பாட்டியம்மா. அந்தப் பாட்டியம்மா பக்கத்தில் பிள்ளை பெற்றிருந்த மருமகளிடம் சொல்லிச் சங்கில் வாங்கியே கொண்டுவந்துவிட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. கண் நோய் யாருக்கும் வரும், போகும், ஒருவரும் அதற்காகப் பெண் கொடுக்க மறுக்கமாட்டார்கள். அத்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. "கண்ணுல ஒண்ணுமில்லம்மா. எனக்கு மனசு ஏறும், எறங்கும். பைபோலார்னு பேரு. தூக்கம் கெட்டா ஏறிரும். அது ஏறாம இருக்கத்தான் இது" என்று நின்று நிதானமாகச் சொல்லுவார். சங்கோடு வந்த பாட்டியம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார். "நல்லாத் தூங்குய்யா" என்று சொல்லிவிட்டு அவர் சங்கைத் திருப்பி எடுத்துப்போனார்.

இதனால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு. பைத்தியத்திடம் கரண்டு வேலையைக் கொடுப்பதா என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்லி இப்போது எதற்கு. ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஒருநாள் அத்தான் வழக்கம்போலக் கடை வாசலில் கத்திவிட்டுப் போனார். அப்போது கறுப்புப் பையோடு ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் மறுநாள் மீண்டும் வந்தார். மருந்து எதுவும் கேட்கவில்லை. "நேத்து சத்தமாக் கேட்டாரே, அவரு வேலைக்கெல்லாம் போறாரா? குடும்பமா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். மயில் வளைவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் விற்ற எந்த மருந்துக்கும் ஒரு முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு மண்டபத்தூர், ஐஸ் ஃபேக்டரியில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, விரலில் இல்லாத காயத்துக்குப் பிளாஸ்திரி வாங்குகிற சாக்கில் ஒருநாள் கடைக்கு வந்தார். நான் அன்றைக்கே அத்தானைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"எங்க ஃபேக்டரில முக்காவாசிப் பேரு நைட் ஷிஃப்ட்டு. தூக்கம் கெட்டா மனுசன் என்னாவான்னு எனக்குத் தெரியுங்க" என்றார்.

"ஒங்க வீட்டுலயும் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை திறந்த வண்டியில் ஊர்வலமாக வருவார். மண்டப வாசலில் பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாலை போட்டு வரவேற்று, கையைப் பிடித்து இறக்க வேண்டும். அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் அது மூத்த மாப்பிள்ளையின் உரிமை. எனக்கு அக்காவைத் தவிர உடன்பிறந்தவர் யாரும் இல்லை. ஆகவே மாலை போட வேண்டியவர் அத்தான்.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழைப்புக்கு முன்னால் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, கண்ணாடியப் பாத்து யாரும் எதும் கேட்டா, புர ஆபரேசன்னு சொல்லிடுங்க. சின்னவ கல்யாணம்."

"கேட்டா சொல்றேங்க மாமா" என்றார் அத்தான். எதைச் சொல்லுவார் என்று அப்பா கேட்டுக்கொள்ளவில்லை.

நான் அலங்காரத்தோடு மண்டபத்து மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். தெரு முழுக்க அத்தான் பகலில் கட்டி, அக்கா நிறம் பார்த்த விளக்குகள். பேண்டு செட் முழங்க வண்டி வந்து வாசலில் நின்றது. வீடியோக்காரர் வெள்ளை ஃபோகஸ் லைட்டைத் தூக்கி நேராக அத்தான் முகத்தில் அடித்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் மாலைத் தட்டு, கண்ணில் ஆரஞ்சுக் கண்ணாடி. பக்கத்தில் அக்கா ஆரத்தியோடு நின்றாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கையை உயர்த்தினார். பேண்டு நின்றது.

"கண்ணுல என்னா தம்பி? மெட்ராஸ் ஐயா?"

மாப்பிள்ளை வீட்டார் சட்டென்று இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு பெண் தன் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டார். அப்பா முன்னால் ஓடிவந்து, "இல்லீங்க சம்பந்தி, புர..." என்று ஆரம்பித்தார்.

"கண்ணு நல்லாருக்குங்க" என்றார் அத்தான். குரல் மாடி வரைக்கும் கேட்டது. "எனக்கு பைபோலாருங்க. மனசு சம்பந்தப்பட்டது. மருந்து சாப்புடுறேன். சாயங்கால வெளிச்சத்துல தூக்கம் கெட்டா நோவு கூடிரும். அதுக்காகப் போட்டுருக்கேன். வாங்க, மாப்பிளய அழச்சுக்குறேன்."



"மனசு நோயா?" என்றார் பெரியப்பா. "இந்த வீட்டுல இப்புடி ஒண்ணு இருக்குன்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே? எதா இருந்தாலும் வண்டியத் திருப்பிட்டுப் பேசிக்கலாம்."

ஓட்டுநர் உண்மையிலேயே கியரைப் போட்டார். அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். அப்பா யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அதற்குள் எங்கள் சித்தப்பா அத்தான் கையிலிருந்து மாலைத் தட்டை வாங்கிக்கொண்டு, "நான் போடுறேங்க, நானே அழைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்று குழைந்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரோ சமாதானத்துக்கு வந்தார்கள். "அவரே போடட்டும். அந்தக் கண்ணாடிய ஒரு நிமிசம் கழட்டிட்டுப் போடட்டும். வீடியோல அசிங்கமா விழுது."

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

"ஒரு நிமிசத்துல எனக்கு ஒண்ணும் ஆயிடாதுங்க" என்றார் அத்தான். "அது எனக்கும் தெரியும். ஆனா வெக்கப்பட்டு இன்னிக்கு ஒரு நிமிசம் கழட்டுனா, நாளைக்கு ஒவ்வொரு விசேசத்துக்கும் கழட்டணும். அப்பறம் மாத்திரயையும் மறச்சுச் சாப்புடணும். அதுல நான் திரும்ப விழுந்துருவேன். சித்தப்பாவே போடட்டும், எனக்கு வருத்தமில்ல. கண்ணாடி இருக்கட்டும்."

அவர் சொல்லிவிட்டு ஒதுங்கப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழைப்பின்போது பெண் வாசலுக்கு வரக்கூடாது என்பார்கள். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டேன். பேண்டுக்காரர்கள் வழிவிட்டார்கள்.

"அத்தான் போட்டா போடட்டும். இல்லன்னா இந்த மால அப்புடியே தட்டுலயே இருக்கட்டும்" என்றேன். பெரியப்பாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.  கல்யாணம் நின்றுவிடும் என்று தெரிந்தே சொன்னேன். "ஒங்க புள்ளகிட்ட நான் அன்னிக்கே சொல்லியாச்சு. அவரையே கேளுங்க."

எல்லாத் தலையும் வண்டிப் பக்கம் திரும்பியது. அப்பா கூப்பிய கையை இறக்கினார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு நேராகச் சித்தப்பாவிடம் போய்த் தட்டை வாங்கி, அத்தான் கையில் திரும்ப வைத்தார்.  அத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார், நகரவில்லை.

அழைக்கிறவர் கையைப் பிடித்தால்தான் மாப்பிள்ளை இறங்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை தானாகவே கதவைத் தாண்டிக் குதித்தார். பெரியப்பா தோளைப் பிடித்தபோது, "எனக்குத் தெரியும் பெரியப்பா, நான்தான் ஒங்ககிட்ட சொல்லல, தப்பு என்னோடது" என்று கையை மெதுவாக விலக்கினார். அத்தானுக்கு முன்னால் வந்து நின்று, குனிந்து கழுத்தை நீட்டினார். வீடியோக்காரரைப் பார்த்து அக்கா ஒரு அதட்டல் போட்டாள். ஃபோகஸ் லைட் தரையைப் பார்த்துத் திரும்பியது.

அத்தான் மாலையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தினார்.

"மாப்ள, என்னையப் பாத்தா ஒங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்லண்ணே."

"எனக்கு இருக்கு" என்றார் அத்தான். "தெனமும் பொழுது சாயிறப்ப இருக்கு. அதான் போட்டுக்குறேன்."

மாலையைப் போட்டார். கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். பேண்டு மறுபடி முழங்க ஆரம்பித்தது, பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்த மாப்பிள்ளை இல்லாமல் பந்தியா என்று நாலு பேர் கூப்பிடக் கூப்பிட, அத்தான் அக்காவிடம் சொல்லிக்கொண்டு, வீட்டுக்குத் தூங்கப் போனார்.